அம்மன் இல்லாத காய்ச்சல்

ஏனுங் மாப்ளே, இப்படி வந்து உக்காருங்க. மாப்பிள்ளைக்கு மாமனார் புத்தி சொல்லக் கூடாதுங்கறது எங்க அப்பாரு காலத்து முறை. அதனால நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. நேத்து ராத்திரி டாக்டரு எழுதிக் குடுத்த சீட்டை நாலா மடிச்சு டிவிக்கு அடியில சொருகினீங்க பாருங்க, அதைப் பாராட்டலாம்னுதான் கூப்பிட்டேன். ஃப்ளூ ஊசி வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்களாமே. அருமையான முடிவுங்க. தாளவாடி மலையில மஞ்சளும் பூண்டும் போட்டுக் காலத்தைக் கழிச்சவன் நானு. மைசூருல பெரிய கம்பெனியில கம்ப்யூட்டர் தட்டற உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப் போவுது?

நீங்க நேத்து எம் மவகிட்டச் சொன்னதும் காதுல விழுந்துச்சு. "கொரோனாவே ஊரைச் சுத்திக்கிட்டு இருக்குது, இந்தச் சளிக் காய்ச்சலுக்குப் போயி ஊசியா"ன்னு கேட்டீங்க. நியாயமான கேள்விதான். சீக்குன்னா அதுக்கு ஒரு தகுதி வேணுமில்ல? அம்மைக்கு மாரியாத்தா இருக்கறா. ஆடி பொறந்தா ஊரே கூழ் காய்ச்சி வேப்பிலை கட்டுது. பிளேக்கு வந்து எலி செத்து விழுந்த காலத்துல, கோயமுத்தூருல பிளேக் மாரியம்மன்னு கோயிலே எழும்புச்சு, இன்னைக்கும் பூசை நடக்குது. அவ்வளவு எதுக்கு, இந்த 2021 மே மாசந்தான் இருகூருல கருங்கல்லுல கொரோனா தேவின்னு சிலை செஞ்சு வெச்சு யாகம் வளர்த்தாங்க. அந்த சீக்கு வந்து ரெண்டு வருசங்கூட முடியலை, அதுக்குள்ள அம்மன் பதவி! ஃப்ளூவுக்கு என்ன இருக்குது? ஒரு மேடை உண்டா, ஒரு மொளப்பாரி உண்டா, ஒரு சொம்பு கூழுதான் உண்டா? அம்மன் இல்லாத காய்ச்சலை ஆருங்க மதிப்பாங்க?

அது மதிப்புக் கேட்டு ஒரு தடவை வந்துதான் பார்த்துச்சு. 1918-ல, சண்டைக்குப் போன சிப்பாய்ங்களோட கப்பல்ல ஏறி பம்பாயில எறங்குச்சு. பொறவு ரயில்ல டிக்கெட் எடுக்காம நாடு பூராப் போச்சு. எங்க அமுச்சி அதை 'பொம்பாய்க் காய்ச்சல்'னுதான் சொல்லும். இந்தியாவுல மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல போய்ச் சேந்தாங்க. அப்ப இந்த மைசூரு சீமைக்குத் திவான் ஆருன்னு நினைக்கறீங்க? சாட்சாத் விஸ்வேஸ்வரய்யா. காவேரிக்கே கண்ணம்பாடியில அணை போட்டுக்கிட்டிருந்த மனுசன். அவராலயே இந்தச் சளிக்கு ஒரு வரப்புப் போட முடியலை. எப்படி முடியும்? மனுசனுக்கு இதைக் குடுக்கற கிருமி இன்னதுன்னு கண்டுபிடிச்சதே 1933-லதானுங்க. அத்தனை பேரைக் கொண்டுட்டுப் போயும் ஒருத்தரும் அதுக்குக் கோயில் கட்டலை. கட்டறதுக்குத் தெம்பா ஆள் மிஞ்சலையோ என்னமோ.

2009-லயும் பேரை மாத்திக்கிட்டு வந்து பார்த்துச்சு. பன்னிக் காய்ச்சல்னு நீங்கெல்லாம் முகமூடி வாங்க ஓடுனீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? ஜூன் மாசம் உலக சுகாதார நிறுவனமே அதைப் பெருந்தொற்றுன்னு சொல்லுச்சு. புனாவுல பள்ளிக்கூடமெல்லாம் சாத்துனாங்க. அந்தப் பன்னிக் காய்ச்சல் எங்க போச்சுன்னு ஆராச்சும் கேட்டமா? அது எங்கயும் போகலைங்க. வருசா வருசம் வர்ற சாதாரண ஃப்ளூக்களோட ஒட்டுக்காச் சேந்துக்கிச்சு. இப்ப நீங்க வேண்டாங்கற ஊசியில அதுக்கும் சேத்துத்தான் மருந்து இருக்குது. பேரு பயமா இருந்தப்ப ஓடுனீங்க. பேரு சாதுவானதும் சீட்டு டிவிக்கு அடியில போயிருச்சு.

சரி, அதை விடுங்க. ஊசின்னா வலிக்கும், நம்ம பக்கத்துப் பழக்கமில்லைன்னு நீங்க நெனச்சாலும் நான் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனா இந்த மைசூரு அரமனை விசயம் ஒண்ணு இருக்குது. பேத்தி போன்ல காட்டுனா. அதைச் சொல்லாம விட்டா எனக்கு ராத்திரி சோறு எறங்காது.

தாமஸ் ஹிக்கின்னு ஐரிஷ்காரர் ஒருத்தரு 1805 வாக்குல தீட்டுன படங்க அது. மூணு பொம்பளைங்க நிக்கறாங்க. உடம்பு நெறைய நகை. ரொம்ப நாளா அவங்களை ஆட்டக்காரிங்கன்னே நெனச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. நைஜல் சான்சலர்னு ஒரு வரலாற்றுக்காரர் கிளறிப் பார்த்துட்டு, அட, இவங்க உடையார் வீட்டு ராணிங்கப்பான்னு சொல்லிட்டாரு. நடுவுல நிக்கறது பாட்டியம்மா லட்சுமி அம்மணி. திப்பு 1799-ல சாஞ்ச பொறவு, பேரனைச் சிம்மாசனத்துல ஏத்தி வெச்சது அந்தம்மாதான். அவங்க புருசரு அம்மையில போனவரு. ரெண்டு பக்கமும் நிக்கறது பேரனுக்கு வாக்கப்பட்டு வந்த ரெண்டு பேரு. ரெண்டு பேருக்குமே தேவஜம்மணின்னுதான் பேரு. எளையவங்க அரமனைக்கு வந்தப்ப, அவங்களுக்கும் ராசாவுக்கும் பன்னெண்டு வயசுச் சுமாருதான்.

இப்ப படத்தைப் பாருங்க. வலப்பக்கம் நிக்கற எளைய ராணி சேலைத் தலைப்பை விலக்கித் தோள்பட்டைக்குக் கீழ தொட்டுக் காட்டறாங்க. எதுக்கு? அங்கதான் மாட்டம்மைப் பாலை வெச்சுக் கீறுனாங்க. இங்கிலாந்துல ஜென்னர் 1796-ல கண்டுபிடிச்ச அதே வைத்தியம். இடப்பக்கம் நிக்கற மூத்தவங்களுக்கு மூக்குக்குக் கீழயும் வாயைச் சுத்தியும் நெறம் மாறி இருக்குது. அது பழைய வைத்தியத்தோட அடையாளமாம். அம்மைப் பொருக்கைக் காய வெச்சுத் தூளாக்கி மூக்குல ஊதுவாங்களே, அது. ஆக, பழசையும் புதுசையும் ரெண்டு பக்கமும் நிறுத்தி, நடுவுல பாட்டியம்மா நிக்கறாங்க. ஜனங்களுக்கு வெள்ளைக்காரன் ஊசின்னா பயம். மாட்டுச் சீக்கை மனுசனுக்கு ஏத்தறதான்னு ஒரு அருவருப்பு வேற. ராணியே கையை நீட்டிட்டாங்கன்னு தெரிஞ்சதும் ஊருல பல பேரு முன்வந்தாங்கன்னு 1806-லயே எழுதி வெச்சிருக்காங்க.

அந்தக் காலத்து ஊசின்னா, இப்ப நீங்க ஏ.சி. அறையில போட்டுக்கறதுன்னு நெனச்சுக்காதீங்க. குளுருப்பொட்டி கிடையாது. ஒரு கொழந்தை கையில கொப்புளம் வந்ததும், அதுல இருந்து எடுத்து அடுத்த கொழந்தை கையில கீறி வைப்பாங்க. அப்படிக் கைக்குக் கை மாத்தித்தான் அந்த மருந்து பாக்தாதுல இருந்து பாஸ்ரா வந்து, கப்பலேறி பம்பாய்க்கு வந்துச்சு. 1802 ஜூன் 14-ந் தேதி பம்பாயில ஆனா டஸ்ட்ஹால்னு மூணு வயசுப் பொண்ணு கையிலதான் இந்தியாவுல மொத மொதல்ல பிடிச்சுது. அந்தக் கொழந்தை கையில இருந்து கிளம்பி ஊரு ஊராக் கைமாறி, அப்புறமா இந்த மைசூரு அரமனைக்கு. மூணு வயசுக் கொழந்தை கையை நீட்டுச்சு, பன்னெண்டு வயசு ராணி தலைப்பை விலக்குனாங்க. நீங்க நாப்பத்திரெண்டு வயசுல முழுக்கைச் சட்டைக்கு மணிக்கட்டு வரைக்கும் பட்டன் போட்டுட்டு நிக்கறீங்க. பாவம், அவங்களுக்கு வாட்ஸ்அப் இல்லைங்க. இருந்திருந்தா ராணியம்மாவும் உசாரா இருந்திருப்பாங்க.

உசாருன்னதும் உங்க உசாரு ஞாபகம் வருது. போன வருசம் மார்ச் 22-ந் தேதி கொரோனாவுக்குன்னு பால்கனியில நின்னு தட்டத்தை நீங்க தட்டுன தட்டுல எம் மவளோட சீர் எவர்சில்வர் தட்டம் இன்னும் குழியாத்தான் இருக்குது. ஏப்ரல் அஞ்சாந் தேதி ராத்திரி ஒம்பது மணிக்கு ஒம்பது நிமிசம் வெளக்குப் பிடிச்சீங்க. கபசுரக் குடிநீரு காலையில, மெளகுக் கசாயம் பொழுதோட, நடுவுல ஆவி. முட்டைக்கோசைச் சோப்புப் போட்டுக் கழுவுனீங்க. அது எங்க மலையில வெளைஞ்ச கோசு, வெக்கத்துல வாடியே போச்சு. வெரல்ல அந்தப் பொட்டியை மாட்டி மணிக்கு ஒருக்கா ஆக்சிஜன் பார்த்தீங்க. ஆரு எதைச் சொன்னாலும் செஞ்சீங்க. படிச்ச டாக்டரம்மா ஒருத்தங்க ஒரே ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. அதுல மட்டும் உங்களுக்குச் சந்தேகம் வந்துருச்சு. சிந்திக்கறவனுக்குத்தானுங்க சந்தேகம் வரும்!

ஊசி போட்டாலே ஃப்ளூ வந்துரும்னு சொன்னீங்களாம். அதையும் நான் டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். பெரும்பாலும் இந்த மருந்தைக் கோழி முட்டைக்குள்ள வளக்கறாங்களாம். அடைகாத்த முட்டையில கிருமியை விட்டு, அது பெருகுன பொறவு எடுத்து, கொன்னு, ஒடைச்சு, சுத்தம் பண்ணித்தான் ஊசியில அடைக்கறாங்க. செத்துப்போன கிருமி எந்திரிச்சு வந்து காய்ச்சல் குடுக்காது. கை ரெண்டு நாளு வலிக்கும், ஒடம்பு லேசா கதகதன்னு இருக்கலாம், அவ்வளவுதானாம். "முட்டைங்களா"ன்னு நான் கேட்டதும், "ஏனுங்கய்யா, நீங்க சைவமா"ன்னாங்க. "நான் இல்லீங்க, எங்க மாப்பிள்ளை புதங்கெழமையில மட்டும் சைவம்"னேன். அந்தம்மா சிரிச்சதுல மாஸ்க் எறங்கிருச்சு.

இன்னொண்ணும் கேட்டேன், நூத்துக்கு நூறு காப்பாத்துமான்னு. இல்லையாம். கிருமியும் மருந்தும் பொருந்தி வர்ற வருசத்துல நூத்துக்கு நாப்பதுல இருந்து அறுவது வரைக்கும் தடுக்குமாம். வந்தாலும் ஆஸ்பத்திரி வரைக்கும் இழுக்காம விடறதுக்கு வாய்ப்பு அதிகமாம். நாப்பதா, அறுவதான்னு நீங்க மூஞ்சியைச் சுளிக்கறது தெரியுது. கலியாணத்துக்கு முந்தி உங்க இஞ்சினீரிங் மார்க் சீட்டை எங்கிட்டக் காட்டுனாங்களே, நான் மூஞ்சி சுளிச்சனுங்களா? பொண்ணையே குடுத்தமே!

ஃப்ளூ இப்ப ஊருலயே இல்லைங்கறதையும் நீங்க எங்கியோ படிச்சிருக்கீங்க. நெசந்தானுங்க. ஆஸ்திரேலியாவுல போன குளுருக்கு அது கண்ணுலயே படலையாம். எதனால? ஊரே மூக்கை மூடிக்கிட்டு வீட்டுக்குள்ள கெடந்துச்சு, கப்பலும் ஏரோப்ளேனும் ஓடலை. நீங்க இப்ப மாஸ்க்கை எங்க போடறீங்க? தாடையில. போன அக்டோபர்ல டவுனுல மாஸ்க் போடாட்டி ஆயிரம் ரூவா தெண்டம்னாங்க. ஜனம் கத்துன கத்துல ஒரே வாரத்துல எரநூத்தியம்பதா ஆச்சு. அந்த ஆயிரம் இருந்த வாரம் மட்டுந்தான் உங்க மூக்கு மூடியிருந்துச்சு. ஊரு தொறக்கட்டும்னு ஃப்ளூ வெளிய காத்துக்கிட்டு இருக்குது.

சரி, அப்படி வந்தாத்தான் என்ன, ரெண்டு நாளு இருமல்தானேன்னு சொல்லுவீங்க. ஏனுங் மாப்ளே, இந்தக் காலத்துல இருமல் வெறும் இருமலா? போன மழைக்கு நீங்க நந்தினி பால் பூத்துல நின்னு ரெண்டே ரெண்டு தடவை இருமுனீங்க. பால்காரரு சில்லறையைக் கையில குடுக்கலை, தூரத்துல வெச்சுட்டு உள்ள போயிட்டாரு. மேல் வீட்டம்மா துணி காயப்போட மாடிக்கு வர்றதையே விட்டுட்டாங்க. ஆபீசுல கம்ப்யூட்டர் வழியாத்தான் பேசிக்கறீங்க, அதுலகூட ஒருத்தர் தள்ளி உக்காந்தாராமே! ரெண்டு சீக்குக்கும் ஒரே மூஞ்சிங்க. காய்ச்சல், இருமல், ஒடம்பு வலி. குச்சியை மூக்குல விட்டு நோண்டுனாத்தான் எது என்னன்னு தெரியும். அதோட ரிசல்ட் வர்ற வரைக்கும் மனுசன் அவன் வீட்டுலயே ஒரம்பரை மாதிரி ஒரு ரூமுல கெடக்கணும். போன வருசம் மார்ச்சுல வெளிநாட்டுல இருந்து வந்தவங்க கையில முத்திரை குத்துனாங்களே, அந்த மை எந்த ஊரு மை? இதே மைசூரு மை. 1937-ல நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆரம்பிச்ச பெயிண்ட் கம்பெனி. 1962-ல இருந்து பார்லிமென்ட் எலக்சனுக்கு நம்ம வெரல்ல வெக்கறதும் அதுதான். ஓட்டுப் போட்டவனுக்கு வெரல்ல, தும்முனவனுக்குப் புறங்கையில. ரெண்டும் தேச்சாப் போவாது.

வெளையாட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த மே மாசம் ரெண்டாந் தேதி ராத்திரி சாமராஜநகர் ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் பத்தாம நடந்தது உங்களுக்குத் தெரியும். செத்தது இருபத்திநாலு பேருன்னாங்க மொதல்ல. பொறவு கணக்கு இன்னும் ஏறுச்சு. தாளவாடிக்காரனுக்கு அது பக்கத்தூரு ஆஸ்பத்திரி, எங்காளுங்க நோவு நொடின்னா அங்கதான் ஏறி எறங்குவாங்க. அந்த வாரம் மைசூருலயும் ஒரு கட்டிலுக்கு எத்தனை பேரு போன் மேல போன் போட்டாங்கன்னு நீங்களே பார்த்தீங்க. அப்படிப்பட்ட நேரத்துல ஒரு சளிக் காய்ச்சக்காரன், அதுவும் சக்கரை இருக்கறவன், நெஞ்சுல கபம் கட்டிப் போயி ஒரு கட்டிலைப் பிடிச்சாருன்னு வைங்க... வேண்டாம், நான் சொல்ல மாட்டேன். புத்தி சொல்றதில்லைன்னு ஒத்துக்கிட்டுத்தானே ஆரம்பிச்சேன்.

உங்களுக்குச் சக்கரை இருக்குதுன்னு நானா சொல்லலை, அதுவும் அந்தச் சீட்டுலதான் எழுதியிருக்குது. சயாஜி ராவ் ரோட்டுல அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கி, வண்டி டிக்கிக்குள்ளயே வெச்சுத் தின்னுட்டு வர்றதையும் நான் ஆருகிட்டயும் சொல்லலை. ஊசிக்கு ஆயிரத்தைந்நூறு, ரெண்டாயிரம் ஆவுதுன்னு வருத்தப்பட்டீங்களே, அது ஞாயந்தான். கொரோனா ஊசி மாதிரி இதைச் சர்க்கார் ஊருக்கே இனாமாப் போடறதில்லை. நெய்யில முங்குன பாகுக்கு மாசா மாசம் ஆவற செலவை நான் ஒரு காயிதத்துல கூட்டி வெச்சிருக்கறேன். காட்டட்டுங்களா? வேண்டாமா? சரி, மடிச்சு வெச்சுக்கறேன். டிவிக்கு அடியில எடமிருக்குது.

இனி ஒரே ஒரு சாக்குதான் பாக்கி. "கொரோனாவுக்கு ஒண்ணு போட்டாச்சு, ரெண்டாவது வரப்போவுது, நடுவுல இதையும் போட்டாக் கொழம்பிரும்"னீங்க. கணக்குல நீங்க புலி. ஆனாலும் கெழவன் கணக்கையும் கேளுங்க. மொத ஊசி ஆபீசுல போட்டது ஜூன் கடைசி. கோவிஷீல்டுக்கு எம்பத்திநாலு நாளு தள்ளணும், அப்ப ரெண்டாவது செப்டம்பர் கடைசிக்குப் போயிருது. கொரோனா ஊசிக்கும் வேற ஊசிக்கும் நடுவுல பதினாலு நாளு விடணும்னு சர்க்கார் சொல்லுது. இப்ப 2021 ஆடி நடக்குது. முன்னாடியும் பதினாலுக்கு மேல ஆச்சு, பின்னாடியும் பதினாலுக்கு மேல கெடக்குது. இந்த ஊசி வேலை செய்ய ரெண்டு வாரம் ஆவும். நம்ம நாட்டுல ஃப்ளூவுக்குப் பெரிய நோம்பி மழைக்காலந்தான், மழையும் இன்னும் விட்டபாடில்லை. எங்க தாளவாடிப் பக்கம் ஐப்பசி கார்த்திகையிலயும் ஒரு சுத்து வரும். போன வருசத்து ஊசி இந்த வருசத்துக்கு ஆவாதுங்க. கிருமி வேசம் மாத்திக்கிட்டே இருக்கறதால, உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில ஒருக்கா, செப்டம்பர்ல ஒருக்கா உக்காந்து, எந்த வேசத்துக்கு மருந்துன்னு முடிவு பண்ணுது. அதனால அடுத்த வருசமும் நான் இதே நாற்காலியில உக்காந்து உங்களுக்குப் புத்தி சொல்லாம இருக்கணும்.

எம் மவளும் பேத்தியும் போட்டுக்கிட்டாங்க. நான் ஜூன்லயே போட்டுட்டேன். உங்ககிட்டச் சொல்லலை, சொன்னா வயசான காலத்துல எதுக்குன்னு வருத்தப்படுவீங்க. சாமுண்டி மலைக்கு ஆஷாட வெள்ளிக்கு ஏறலாம்னு பார்த்தா இந்த வருசமும் சனங்களை விடலை. வேற சோலியில்லாமத்தான் ஆஸ்பத்திரிப் பக்கம் போனேன்.

இப்படி நெத்தியைக் காட்டுங்க. காய்ச்சல் இல்லை. இதுக்கு முந்தி எந்த ஊசிக்காச்சும் மூஞ்சி வீங்கி, மூச்சு முட்டியிருக்குதா? அதுவும் இல்லை. நல்லது, அப்ப தடையில்லைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கறேன்... அட, உங்களை இல்லீங்க, என்னைத்தான். ரத்தக் கொதிப்பு பார்க்கணும். கெழவன் தனியா ஆட்டோவுல போனா ஊரு என்ன சொல்லும்? நீங்க வண்டியை ஓட்டிட்டு வாங்க போதும். உள்ள வந்து ஏ.சி.யில சித்த நேரம் உக்காருங்க. அந்த முழுக்கைச் சட்டையை மட்டும் மாத்திட்டு வாங்க, வெய்யிலு.

அப்புறம் மாப்ளே, ஆராச்சும் எந்தக் கைன்னு கேட்டா இடது கையைக் காட்டுங்க. ஊருல இருந்து நாளைக்குக் காலையில லாரியில மஞ்ச மூட்டை வருது. வலது கை எனக்கு வேணும்.